தரைக்கடியில் போய்க்கொண்டே இருக்கும் தண்ணீர்

அனுப்புநர்:
திருமதி லூயிசா ராஜநாயகம்,
பாலர் வகுப்பு ஆசிரியை,
புன்னைமரச் சந்து, சாந்தோம்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
பொறுப்பு இஞ்சினீயர் அவர்கள்,
நகரக் குடிநீர்ப் பகுதி,
சென்னை.

பொருள்: புன்னைமரச் சந்தில் பெரிய குழாய் பழுதுபட்டுக் குடிநீர் வீணாவது – முன்பு தோண்டிய இடம் சரியல்ல என்பது – சரியான இடத்தில் மறுமுறை தோண்டக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விஷயமாகத் தங்களுக்கு நான் எழுதும் இரண்டாவது மனு இது. முதல் மனுவைப் பார்த்துத் தாங்கள் ஓவர்சியர் திரு. சுந்தரராமன் அவர்களை அனுப்பிவைத்தீர்கள். நாங்கள் காட்டிய இடத்தில் அவர் ஆள் வைத்துத் தோண்டினார். ஈரமில்லாத மணல்தான் வந்தது. கசிவு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. சித்திரை வெயிலில் குடைகூட இல்லாமல் நின்று வேலை வாங்கினார். இடம்தான் தவறு, அதைக் காட்டியது நாங்கள். இப்போது சரியான இடம் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் இடத்தை மட்டும் எழுதினால், இதையும் ஒரு நோயாளியின் பேச்சு என்று யாரேனும் ஒதுக்கிவிடக்கூடும். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மனு நீண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. எங்கள் சந்து மாதா கோவில் பக்கமிருந்து பிரிந்து கடற்கரை மணலில் போய் முடிகிறது. பெரிய குழாய் மேற்கேயிருந்து வந்து, சந்தின் நடுவே தரைக்கடியில் ஓடி, பட்டினப்பாக்கத்து மீனவர் குடிசைகளின் அருகே ஒரு தெருக்குழாயோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கடல். கடைசிக் குழாய் என்பதால், வழியிலுள்ளவர்கள் எல்லோரும் குடித்து, குளித்து, பாத்திரம் துலக்கி, செடிக்கும் ஊற்றிய பிறகு மிஞ்சுவதுதான் அங்கே வரும். சென்ற தை மாதம் முதல் அதுவும் வரவில்லை. எங்கள் வீடுகளில் தண்ணீர் நூலாக இறங்கியது. கடைசிக் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சுச் சத்தம் மட்டும் வரும். பெண்கள் அந்தப் பெருமூச்சைக் கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் நடப்பார்கள்.

ஏரியில் தண்ணீர் குறைவு, எல்லோரும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நாங்களும் இருந்தோம். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினோம். பாத்திரம் கழுவியதைத் துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றினோம். குழாயில் வருவது கூடவில்லை. அப்புறம் ஒவ்வொரு வீட்டாருக்கும் மேல்வீட்டார்மேல் சந்தேகம் வந்தது. நல்லபடியாகப் பழகியவர்கள் குழாயடியில் முகம் கொடுத்துப் பேசாமல் நின்றார்கள்.

3. என் கணவர் திரு. ராஜநாயகம் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் தலைமைக் கணக்கராக இருந்தவர். யுத்தம் அங்கே வந்தபோது கப்பலில் இடம் கிடைக்காமல், தம்பி லியோனார்டையும் கூட்டிக்கொண்டு மலைக்காட்டு வழியே நடந்தே புறப்பட்டார். என் கணவர் வந்து சேர்ந்தார். லியோனார்ட் வந்து சேரவில்லை.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒரு மலைச்சரிவில் அவர்களிடம் இருந்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பாதைக்கு வெகு கீழே, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில், ஆறு ஒன்று ஓடும் சத்தம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்க வழி இல்லை. இறங்கிப் பார்த்தவர்கள் திரும்பி ஏறவில்லை. லியோனார்ட் ஒரு மரத்தடியில் படுத்து, அந்தச் சத்தம் கேட்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். அப்படியே போய்விட்டார்.

ஊர் வந்த பிறகு என் கணவர் வேலைக்குப் போகவில்லை. யாருக்கும் தொந்தரவும் கொடுக்கவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து, பகலெல்லாம் வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வெளிச்சம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை அவரும் பார்த்துக்கொண்டிருப்பார்.

4. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் நான் வீடு திரும்பியபோது அவர் நாற்காலியில் இல்லை. கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, சிவப்புக் காரையில் கன்னத்தை வைத்திருந்தார். பதறிப்போய் எழுப்பினேன். அவர் என் கையைப் பிடித்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, "கேளு லூயிசா, கீழே தண்ணி ஓடுது" என்றார்.

நானும் காது வைத்துக் கேட்டேன். தரை குளிர்ந்திருந்தது. எனக்குக் கேட்டது கடல் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் தினமும் கேட்டார். சமையல்கட்டில் கேட்டார், வாசற்படியில் கேட்டார், தெருவில் வண்டிப் பாதையின் நடுவே மண்டியிட்டும் கேட்டார். முகத்தில் பயமோ துக்கமோ இல்லை. வெகு தூரத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று உற்றுக் கேட்பவர் போல இருந்தார். தெருவில் சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்ப வைத்தியர் இது காதில் கேட்கும் சத்தம் இல்லை, காட்டிலிருந்து கூட வந்த சத்தம் என்றார். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். அது பலிக்காமல் போகவே, மனநோய் ஆஸ்பத்திரியில் சில காலம் வைத்துப் பார்ப்பதே நல்லது என்று சொல்லி, வரும் ஜூலை மாதத்துக்கு இடம் கேட்டும் வைத்தார். நான் சரி என்றேன்.

5. ஆயினும் தங்களுக்கு முதல் மனுவை எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டதற்காகவே எழுதினேன். நம்பி எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். திரு. சுந்தரராமன் அவர்கள் வந்து, எங்கள் வாசலுக்கு நேரே தோண்டச் சொல்லி, மணலைக் கையில் எடுத்துப் பிசைந்து காட்டினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, என் மனம் நோகக்கூடாது என்று தணிந்த குரலில் சொன்னார். "கடல் பக்கத்துல இருக்கேள் பாருங்கோ. அலைச் சத்தம்தான் அவர் காதுல நிக்கறது. ஆத்துல நன்னா தூங்கச் சொல்லுங்கோ."

என் கணவருக்கு அது கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. குழியின் ஓரத்தில் நின்றபடி, குழந்தைக்குச் சொல்வது போல அவரிடம் சொன்னார்: "கடல் வந்துட்டுப் போகும், தம்பி. இது போய்க்கிட்டே இருக்கு."

குழியை மூடினார்கள். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வகுப்பில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதும், அரிசி களையும்போதும், வருவதற்கும் போய்க்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் என் மனதில் வந்து வந்து நின்றது.

6. வைகாசியில் நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் இந்த மனுவுக்குப் பொருள் இல்லை.

பட்டினப்பாக்கத்துத் தேசம்மா என்பவர் எங்கள் சந்தில் மீன் கொண்டுவந்து விற்பவர். அவருடைய மருமகள் பச்சையம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். தேசம்மா மீன் எடுக்கப் போயிருந்த காலை வேளையில், வீட்டில் ஒரு சொட்டும் இல்லாமல், பச்சையம்மா குடத்தோடு மந்தைவெளிக்கு நடந்தாள். நிறைத்துக்கொண்டு திரும்பும் வழியில் கால் இடறி விழுந்தாள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

தேசம்மா சில காலம் எங்கள் பக்கம் வரவே இல்லை. மறுபடி வந்த அன்று கூடையை இறக்கவில்லை. எந்த வீட்டு வாசலிலும் குரல் கொடுக்கவில்லை. என் கணவர் வழக்கம்போலத் தெருவில் மண்டியிட்டுக் காது வைத்திருந்தார். தேசம்மா அவர் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"ஐயா சொல்றது மெய்யின்னே வெச்சிக்கினு பாத்தா இன்னா, டீச்சரம்மா? அதுல நமக்குப் போவறது இன்னா கீது?"

இத்தனை மாதங்களில் என் வீட்டு வாசலுக்கு வந்து இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு என் கணவர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

7. அன்று மாலை மூவரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். என் கணவர் தெளிவாகவே பேசினார். குழாயில் தண்ணீர் நகர்ந்தால்தான் சத்தம் வரும் என்றார். சந்திலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் குழாய்களை மூடிவிட்டால் தண்ணீர் நகர்வதற்கு இடம் இல்லை. குழாய் ஊமையாகிவிட வேண்டும். அப்போதும் சத்தம் கேட்டால், நமக்குத் தெரியாத ஒரு வாய் எங்கேயோ திறந்திருக்கிறது. அந்த வாயை நோக்கிச் சத்தம் கூடிக்கொண்டே போகும். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் இடம் வந்துவிடும். எங்கள் வாசலில் தோண்டினால் கிடைக்காது. வழியில் போகிறவனைப் பிடித்து அவன் வீட்டைத் தேடுவது போன்றது அது என்றார். வெகு காலத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போது பார்த்தேன்.

நானும் தேசம்மாவும் வீடுவீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் பச்சையம்மாவின் விஷயம் எல்லோருக்கும் தெரியும். தேசம்மா பக்கத்தில் நின்றதனால் யாரும் முடியாது என்று சொல்லவில்லை.

8. அப்போதுதான் ஒரு சங்கதி வெளிப்பட்டது. குழாயை மூடச் சம்மதித்தவர்கள் பலருக்கு மூட முடியவில்லை. திருகத் திருகக் கீழே ஒழுகிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருக்கும் தோல் வாஷர் தேய்ந்து போயிருந்தது. வருஷக்கணக்காக அடியில் வாளியை வைத்து, வாளி நிறைந்தால் சாக்கடையில் கொட்டிப் பழகியிருந்தார்கள். யுத்த காலத்தில் புது வாஷர் கிடைக்கவில்லை. பிறகு யாரும் கேட்கவும் இல்லை. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உமர் ஃபாரூக் அவர்கள், பழைய சைக்கிள் சீட்டுத் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தாமே வந்து பொருத்திக் கொடுத்தார். நாங்கள் சத்தம் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லா வீட்டிலும் நூலாக வந்தது விரல் அளவுக்குத் தடித்தது. ஒருவரையொருவர் சந்தேகித்த மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் உண்மையில் சேர்ந்தே வீணாக்கிக்கொண்டிருந்தோம். ஆனால் கடைசிக் குழாயில் அப்போதும் பெருமூச்சுத்தான்.

9. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கோவில் மணி ஓய்ந்ததும் மூடுவது என்று பேசிக்கொண்டோம்.

ஐயா, அந்த மத்தியானத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். மணியின் கடைசி ஓசை போனதும் சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. உமர் ஃபாரூக் சுத்தியலைக் கீழே வைத்தார். ஜட்கா வண்டிக்காரர் குதிரையின் கழுத்து மணியில் துணியைச் சுற்றிவிட்டு, அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். தாய்மார்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து அமர்த்தினார்கள். குழம்பு கொதிக்கும் அடுப்புகளைக்கூடத் தணித்திருந்தார்கள். புன்னைப் பூ விழுவது தெரிந்தது. அன்று காற்று இல்லாததால் கடலும் அடங்கி, எங்கேயோ பக்கத்து ஊரில் இருப்பது போல இருந்தது. பட்டினப்பாக்கத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு சந்தின் கடைசியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. இத்தனை பேர் சேர்ந்து சும்மா இருந்ததை நான் என் ஆயுளில் கோவிலில்கூடக் கண்டதில்லை.

என் கணவர் வெறுங்காலுடன் தெருவில் இறங்கினார். கையில் ஒரு கடப்பாரை. அதன் முனையைத் தரையில் ஊன்றி, மேல் நுனியில் காதை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் தலையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

கேட்டது, ஐயா. எல்லாக் குழாயும் மூடியிருக்கையில் கேட்டது. வேறோர் அறையில் யாரோ பட்டுப்புடவையை விரித்து மடித்து, விரித்து மடித்துக்கொண்டே இருப்பது போல மெல்லிய ஓசை. நிற்கவே இல்லை. நான் தலையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றேன். இந்த ஓசையோடுதான் அவர் இத்தனை மாதங்கள் தனியாக இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். உமர் ஃபாரூக் தொழுகைக்கு நிற்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தேசம்மா கேட்டுவிட்டு, கூடைக்குள் உயிரோடு இருக்கும் எறா சலசலக்கிற மாதிரி இருக்கிறது என்றார். சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

10. அவர் கடப்பாரையை ஊன்றி ஊன்றிக் கிழக்கே நடந்தார். தெரு முழுவதும் அவருக்குப் பின்னால் மெல்ல நடந்தது. ஓசை தடித்தது. பக்கத்து வீட்டில் பலர் சேர்ந்து ஜெபமாலை சொல்வது போல ஆயிற்று. பூட்டிய பங்களாவின் வடக்கு மதில் ஓரத்தில், பழைய தூங்குமூஞ்சி மரத்தின் வேர்கள் தெருவுக்குள் புடைத்திருக்கும் இடத்தில், காது வைக்காமலே கடப்பாரை கையில் அதிர்ந்தது. அதற்கு அப்பால் சில அடி போய் ஊன்றினால் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ஊன்றினால் அதிர்ந்தது.

அந்தப் பங்களாவைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். குண்டு விழும் என்று ஊரே காலி செய்த வருஷத்தில் பூட்டியது. வீட்டுக்காரர் வெளியூரில் காலமாகிவிட்டார். வாரிசுகள் யாரும் வந்து திறக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் மதில். அதன்மேல் காகிதப்பூக் கொடி அடர்ந்து மூடியிருக்கிறது. கோடையில் அந்தப் பக்கமிருந்து தவளை கத்துவதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கோடையில் தவளைக்கு என்ன வேலை என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

உமர் ஃபாரூக் ஏணி கொண்டுவந்து சாய்த்தார். யாரையும் கேட்காமல் தேசம்மா ஏறினார். கொடியை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீழேயிருந்து என்ன என்ன என்று கேட்டோம். அவர் கையை மட்டும் பின்னால் நீட்டி வா என்றார்.

11. பக்கவாட்டுக் கதவின் தாழ் துருப்பிடித்திருந்தது. கை வைத்ததும் கழன்று வந்தது. அனுமதியில்லாமல் உள்ளே போனது தவறு என்று அறிவேன்.

உள்ளே ஒரு குளம் இருந்தது. தோட்டத்தின் தாழ்ந்த பாகம் முழுவதும் தண்ணீர். அடியில் புல் படுத்திருப்பது தெரியும்படி தெளிந்திருந்தது. முன்பு மாலையில் தேநீர் குடிக்கப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகள் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்த்தன. வாழை காடாக மண்டியிருந்தது. கரையோரமெல்லாம் நீலத் தும்பிகள். ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு நாற்காலிக் கால்களின் ஊடே நீந்திப் போயிற்று. அதற்கு அப்பால் தோட்டத்துப் படிக்கட்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. ஊர் முழுவதும் வெந்துகொண்டிருக்கையில் அங்கே மார்கழி போலக் குளிர்ந்தது. நாங்கள் ஏதோ தூக்கத்தில் வந்துவிட்டோம், பேசினால் கலைந்துவிடும் என்பது போல எல்லோரும் வாயைத் திறக்காமல் நின்றோம்.

என் கணவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவில் நின்று, இரண்டு கைகளாலும் அள்ளி, குடிக்காமல் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் ஒழுகித் தீரும்வரை பிடித்திருந்தார். "இங்கதான்டா இருக்கு" என்றார். எங்களில் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தங்கள் அலுவலகத்துக்கு இந்த விவரம் தேவையில்லை என்று அறிவேன். இதை வேறு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

12. சற்று நேரம் கழித்துப் பச்சையம்மா வந்தாள். படுக்கையிலிருந்து எழுந்து நடக்கத் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. கதவருகே நின்று குளத்தைக் கரையிலிருந்து கரை வரை பார்த்தாள். அவள் குரல் கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இம்மாந் தண்ணியும் இங்கியா இருந்துச்சி?"

அவள் கரையில் உட்கார்ந்தாள். தேசம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈரக் கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அவள் கேட்ட கேள்வியைத் தங்கள் பார்வைக்கு வைப்பதே இந்த மனுவின் முக்கிய நோக்கம்.

13. அன்று மாலை என் கணவர் படுத்தவர் மறுநாள் வெயில் ஏறியபிறகே எழுந்தார். வைத்தியர் அவர்களை நாங்களே கூட்டிவந்து, கடப்பாரை நுனியில் காது வைக்கச் செய்தோம். கேட்டுவிட்டு என் கணவரின் தோளில் கை வைத்தார். ஆஸ்பத்திரிப் பேச்சு அத்தோடு நின்றது. காட்டில் கேட்ட சத்தம் அவருக்கு இனிக் கேட்காது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இப்போது இரண்டு சத்தத்தையும் பிரித்துக் கேட்கிறார். அவர் கேட்பதைச் சொன்னால் நாங்கள் நம்புகிறோம். சென்ற வாரம் மந்தைவெளியிலிருந்து ஒருவர் வந்து, தங்கள் தெருவிலும் வந்து கேட்க முடியுமா என்று அவரை மரியாதையாக அழைத்துப் போனார்.

14. இனி நாங்கள் வேண்டுவது. மேற்சொன்ன மதிலோரம், தூங்குமூஞ்சி மரத்தின் வேருக்கும் சுவருக்கும் இடையே தோண்டினால் குழாயின் உடைப்புத் தென்படும். வேர் நெருக்கி இணைப்பு விலகியிருக்கும் என்பது என் கணவரின் ஊகம். அதை அடைத்துத் தர வேண்டும். தோண்டும்போது அவரும் பக்கத்தில் நிற்க அனுமதிக்க வேண்டும். திரு. சுந்தரராமன் அவர்களே வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

இரண்டாவதாக ஒன்று. எங்கள் சந்தில் இருந்த இந்த வாய் ஒன்றுதானா என்று தெரியவில்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் எத்தனை மதில்களுக்குப் பின்னால் எத்தனை குளங்கள் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருக்கின்றனவோ. ஏரியில் தண்ணீர் குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். வந்த தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தெருவிலும் ஒரு நண்பகல் குழாய்களை மூடச் சொல்லி, ஓர் ஆள் கடப்பாரையுடன் நடந்தால் போதும். அதற்கு முன் ஒழுகும் குழாய்களுக்குத் தோல் வாஷர் போட்டுவிட்டால், அதிலேயே ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம். எங்களால் ஆன உதவியைச் செய்யச் சித்தமாக இருக்கிறோம்.

15. கடைசியாக ஒரு விஷயம். உடைப்பை அடைத்தால் அந்தக் குளம் வற்றிவிடும். அதிலிருக்கும் தவளையும் பாசியும் கருதி, அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். துணி துவைக்க மட்டும் எடுக்கிறார்கள். ஆனாலும் இப்போது சந்திலுள்ளவர்கள் பிற்பகலில் ஒருவர் இருவராக அங்கே போய்க் கரையில் உட்கார்ந்து வருகிறார்கள். நானும் போகிறேன். நீர்க்கோழிக் குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. அவை பறக்கும்வரை வேலையைச் சற்றுத் தாமதிக்க முடியுமா என்று கேட்டு இந்த மனுவில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். கையெழுத்து வாங்குமுன் எல்லோருக்கும் மனுவை வாசித்துக் காட்டியபோது, அந்த வாக்கியம் வந்ததும் தேசம்மா என்னை நிறுத்தச் சொன்னார்.

"அதுங்களுக்கு நாளிக்கு எறக்க மொளைக்கும், டீச்சரம்மா. எங்களுக்கு இன்னா மொளைக்கும்?"

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். தாமதம் வேண்டாம், ஐயா. ஆட்களை உடனே அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம், புன்னைமரச் சந்துக்காரர்களுக்காகவும் பட்டினப்பாக்கத்துக் கடைசிக் குழாயடிப் பெண்களுக்காகவும்,

(ஒப்பம்) லூயிசா ராஜநாயகம்
(ஒப்பம்) ராஜநாயகம்
(ஒப்பம்) உமர் ஃபாரூக்
தேசம்மா – இடது பெருவிரல் ரேகை
பச்சையம்மா – இடது பெருவிரல் ரேகை
மற்றும் பின்பக்கத்தில் கையொப்பமிட்டோர்

இடம்: சாந்தோம், மயிலாப்பூர்
நாள்: 18 ஜூன் 1946